இருபத்தேழு படங்கள்

செகந்திராபாத்தை அடுத்துள்ள மௌலா அலிக் குன்றின் உச்சியில் குதுப்ஷாஹி அரசர் காலத்துத் தர்கா ஒன்று உள்ளது. பாறையை ஒட்டிச் செல்லும் பல நூறு படிகளை ஏறி உச்சியை அடைந்தால், தொடர்வண்டிப் பாதைகளும் வீடுகளும் கண்ணுக்கு எட்டிய தொலைவுவரை விரிந்து கிடக்கும். அங்கு ஏறுவோர் இன்று கைப்பேசியில் நூறு படங்கள் எடுத்து, பிடிக்காதவற்றை உடனே அழித்துவிடுகின்றனர். கையில் இருப்பது 27 படங்களே எடுக்கக்கூடிய கேமராவாக இருந்தால் என்ன செய்வது? அப்போது ஒவ்வொரு படத்தையும் எடுப்பதற்கு முன்பே எண்ணிப் பார்க்க வேண்டும்.

ஒருமுறைக் கேமரா

படச்சுருளுடன் விற்கப்பட்டு, சுருள் தீர்ந்ததும் கேமராவையே கடையில் கொடுத்துவிடும் முறை 1986ஆம் ஆண்டு ஜப்பானில் ஃபியூஜி நிறுவனத்தால் பரவலாயிற்று. மறு ஆண்டே ஃபிளாஷ் விளக்குடன் கூடிய கேமராவும் வந்தது. நெகிழியாலான உடல், சிறிய வில்லை, வெளியே அட்டை உறை ஆகியவையே இதன் உறுப்புகள். ஒளி நுழையும் துளையின் அளவும் அது திறந்திருக்கும் நேரமும் மாறுவதில்லை. துளை மிகச் சிறியது. ஆதலால் ஒரு மீட்டருக்கு அப்பால் உள்ளவை எல்லாம் ஓரளவு தெளிவாகப் பதியும். ஆனால் ஒளி குறைந்த இடத்தில் அச்சிறு துளை போதாது. அங்கேதான் ஃபிளாஷ் உதவுகிறது.

படச்சுருள் தமிழ்நாட்டுக்குப் புதிதன்று. நீலகிரியிலுள்ள உதகமண்டலத்தில் 1960இல் நிறுவப்பட்ட இந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ் என்னும் அரசு நிறுவனம், ‘இந்து’ என்ற பெயரில் படச்சுருள் தயாரித்தது. இந்து என்றால் நிலவு. நிலவொளிபோல் மெல்லிய ஒளியும் படச்சுருளின் மேற்பூச்சில் உள்ள வெள்ளிச் சேர்மங்களை மாற்றிவிடும். ஒருமுறை ஒளி பட்ட இடத்தை மீண்டும் புதிதாக்க இயலாது.

ஃபிளாஷ் எவ்வாறு ஒளிர்கிறது?

கேமராவின் உள்ளே இருப்பது 1.5 வோல்ட் மின்கலம். ஃபிளாஷ் பொத்தானை இயக்கியதும், உள்ளிருக்கும் மின்சுற்று அதனை ஏறத்தாழ 300 வோல்ட்டாக உயர்த்தி, மின்தேக்கியில் சேமிக்கிறது. அப்போது கொசுவின் ரீங்காரம் போன்ற மெல்லிய ஒலி கேட்கும். சில நொடிகளில் சிறு விளக்கு எரியும். அதன் பிறகே விசையை அழுத்த வேண்டும். சேமித்த மின்னாற்றல் முழுவதும் செனான் வளிமம் நிரம்பிய குழாயில் ஒரு நொடியின் மிகச் சிறு பகுதிக்குள் பாய்ந்து, மின்னல்போல் ஒளிர்கிறது.

மூன்று மீட்டர் எல்லை

ஓர் எடுத்துக்காட்டைக் காண்போம். தஞ்சாவூரிலிருந்து வந்து ஒரு மாதம் தங்கிய பாட்டி, இரவு வண்டியில் ஊருக்குத் திரும்புகிறார். வாசலில் நிற்கும் அவரைப் பேத்தி படமெடுக்க விரும்புகிறாள். வீடு முழுவதும் தெரிய வேண்டும் என்று ஆறு மீட்டர் பின்னால் சென்று எடுக்கிறாள். ஃபிளாஷ் ஒளிர்கிறது, எல்லாரும் சிரிக்கின்றனர். ஆனால் படத்தில் பாட்டியின் முகம் இருட்டாகவே இருக்கும்.

காரணம் எளிது. ஒளி செல்லச் செல்லப் பரவுகிறது. தொலைவு இரு மடங்கானால் ஒளி நான்கில் ஒரு பங்காகும். மும்மடங்கானால் ஒன்பதில் ஒரு பங்காகும். இரண்டு மீட்டரில் பாட்டியின் முகத்தில் விழும் ஒளியில் ஒன்பதில் ஒரு பங்குதான் ஆறு மீட்டரில் விழும். ஏறத்தாழ ஒரு மீட்டர் முதல் மூன்று மீட்டர் வரையே இந்த ஃபிளாஷ் பயன்படும். படம் கெட்டது சுருளைக் கழுவும் நாளில்தான் தெரியும். அன்று பாட்டி தஞ்சாவூரில் இருப்பார்.

இதே காரணத்தால், மௌலா அலிக் குன்றிலிருந்து இரவு நகரத்தை ஃபிளாஷால் படமெடுக்க முடியாது. ஆனால் நண்பகலில் வெயிலுக்கு முதுகுகாட்டி நிற்பவரின் நிழல் படிந்த முகத்தை, அருகில் நின்று ஃபிளாஷால் ஒளிரச் செய்யலாம்.

பயன்படுத்தும் முறை

1. பற்சக்கரத்தை அது தானே நிற்கும்வரை திருப்ப வேண்டும்.
2. ஒளி குறைவாயின் ஃபிளாஷை இயக்கி, விளக்கு எரியும்வரை பொறுத்திருக்க வேண்டும்.
3. வில்லையையும் ஃபிளாஷையும் விரல் மறைக்கிறதா எனப் பார்க்க வேண்டும். நாம் காண்பது வேறொரு துளை வழியாக. ஆகவே வில்லையை மறைக்கும் விரல் நம் கண்ணுக்குத் தெரியாது.
4. கண்ணாடிக்கு நேராக நின்று ஃபிளாஷைப் பயன்படுத்தலாகாது. ஒளி திரும்பிவந்து படத்தில் வெண்புள்ளியாகப் பதியும்.
5. கை அசையாமல் மெல்ல அழுத்த வேண்டும்.

ஒவ்வொரு படம் எடுத்ததும், எண்காட்டியில் மீதமுள்ள படங்களின் எண்ணிக்கை ஒன்று குறையும். பெரும்பாலான ஒருமுறைக் கேமராக்களில், எடுத்த பகுதி ஒளி புகாத உருளைக்குள் சுருண்டு பாதுகாப்பாகிவிடும்.

எச்சரிக்கை

கேமராவை ஒருபோதும் பிரிக்கக் கூடாது. மின்கலத்தை நீக்கிய பின்னும் மின்தேக்கியில் மின்னாற்றல் தங்கியிருந்து கடுமையாகத் தாக்கும். வெயிலில் நிறுத்திய மகிழுந்தினுள் கேமராவை வைத்தால் வெப்பத்தால் சுருள் கெடும். எல்லாப் படங்களும் எடுத்து முடித்ததும், கேமராவைப் படம் கழுவும் கடையில் அப்படியே ஒப்படைக்க வேண்டும்.

படங்கள் குறைவாக இருப்பது இக்கேமராவின் குறையன்று. யாரை, எங்கே, எவ்வளவு அருகில் நின்று எடுக்க வேண்டும் என்று முன்கூட்டியே எண்ணிப் பார்க்க அது பழக்குகிறது. பாட்டியின் முகம் தெளிவாகத் தெரிய வேண்டுமானால், பேத்தி நான்கு மீட்டர் முன்னே வந்தால் போதும்.

சொல்லும் பொருளும்

வில்லை – லென்ஸ்
மின்கலம் – பேட்டரி
மின்தேக்கி – மின்னாற்றலைச் சேமிக்கும் உறுப்பு
வளிமம் – வாயு
நெகிழி – பிளாஸ்டிக்

வினாக்கள்

1. ‘இந்து’ என்னும் படச்சுருள் எங்கே தயாரிக்கப்பட்டது?
2. ஒரு மீட்டரில் விழும் ஒளியில் எத்தனை பங்கு மூன்று மீட்டரில் விழும்?
3. கேமராவைப் பிரிக்கக் கூடாது என்பதற்குக் காரணம் கூறுக.
4. ஒரே ஒரு படம் எஞ்சியிருந்தால் யாரை, எங்கே படமெடுப்பீர்? ஐந்து தொடர்களில் எழுதுக.