சர்வரின் நாடி பார்க்கும் குட்டிக் கணினி

டேட்டா சென்டரில் ஒரு சர்வரை ஷட் டவுன் செய்த பிறகும், பவர் கேபிள் செருகியிருக்கும்வரை அதன் மதர்போர்டில் ஒரு சிப் வேலை செய்துகொண்டேயிருக்கும். அதுதான் பி.எம்.சி. எனப்படும் பேஸ்போர்டு மேனேஜ்மென்ட் கன்ட்ரோலர். அதற்கென்று தனி பிராசஸர், தனி மெமரி, பெரும்பாலும் தனி நெட்வொர்க் போர்ட்டும் உண்டு. பரவலாகப் பயன்படும் ஒன்று, தைவானின் ஆஸ்பீடு நிறுவனம் வடிவமைத்த ஏஎஸ்டி2600. அதன் முக்கிய பிராசஸரில் இருப்பவை 1.2 கிகாஹெர்ட்ஸ் வேகத்தில் ஓடும் இரண்டு ஆர்ம் கோர்கள் மட்டுமே. இந்தச் சிறிய சிப்தான் பல லட்சம் ரூபாய் சர்வரின் சூடு, வோல்டேஜ், ஃபேன் வேகம், மின்நுகர்வு எல்லாவற்றையும் கவனித்துக்கொள்கிறது.

ஒவ்வொரு சென்சாரும் ஒவ்வொரு விதமாகப் பேசும். சர்வர் ஃபேன் பொதுவாக ஒரு சுற்றுக்கு இரண்டு பல்ஸ் அனுப்பும். நொடிக்கு 200 பல்ஸ் வந்தால் நிமிடத்துக்கு 6,000 சுற்று என்று கணக்கு. 45 டிகிரி வெப்பத்தை லினக்ஸ் கெர்னல் 45000 என்று தரும், அதை ஆயிரத்தால் வகுக்க வேண்டும். இன்டெல் பிராசஸரோ நேரடியாக வெப்பநிலையைச் சொல்லாது. உச்சவரம்பைத் தொட இன்னும் எத்தனை டிகிரி பாக்கி என்பதை மைனஸ் எண்ணாகத் தரும்.

இத்தனையையும் படித்துவிடலாம். எதை, எப்போது, யாரிடம் சொல்வது என்பதில்தான் சிக்கல்.

1998இல் இன்டெல், டெல், எச்பி, என்இசி நிறுவனங்கள் கொண்டுவந்த ஐபிஎம்ஐ தரநிலையில் ஒரு சென்சார் ரீடிங்குக்கு ஒரே ஒரு பைட்தான் இடம். அதாவது 256 படிகள். 1,500 வாட் வரை அளக்கும் சென்சாரை அதற்குள் அடக்கினால் ஒரு படி சுமார் 6 வாட். அதைவிடச் சிறிய ஏற்ற இறக்கம் கண்ணில் படாமலே போகலாம். மேலும், கண்காணிக்கும் மென்பொருள் ஒவ்வொரு சர்வரிடமும் திரும்பத் திரும்பக் கேட்டுத்தான் ரீடிங்கைப் பெற வேண்டும். சர்வருக்கு 100 சென்சார், மொத்தம் 10,000 சர்வர், நொடிக்கு ஒரு முறை என்று வைத்துக்கொண்டால், நொடிக்கு 10 லட்சம் ரீடிங்!

2015இல் டிஎம்டிஎஃப் அமைப்பு வெளியிட்ட ரெட்ஃபிஷ் தரநிலை, வெப்சைட்டுகள் பயன்படுத்தும் எச்டிடிபி, ஜேசான் வழியையே எடுத்துக்கொண்டது. பின்னர் அதில் டெலிமெட்ரி சர்வீஸ் சேர்ந்தது. எந்தெந்த சென்சார், எவ்வளவு இடைவெளி என்று ஒருமுறை சொல்லிவைத்தால் போதும், பி.எம்.சி. தானே ரிப்போர்ட் தயாரிக்கும். குறிப்பிட்ட இடைவெளியில் அனுப்பு, மதிப்பு மாறினால் அனுப்பு, கேட்டால் மட்டும் கொடு என மூன்று வகை உண்டு. ஒவ்வொரு ரீடிங்கையும் அனுப்பாமல் சராசரி, உச்சம், குறைந்தபட்சம் மட்டும் கேட்கலாம். புது ரிப்போர்ட் பழையதை அழிக்கலாம், அல்லது வரிசையாகச் சேர்ந்துகொண்டே போகலாம்.

இதைச் செய்யும் மென்பொருள்களில் ஒன்று ஓபன்பிஎம்சி. ஃபேஸ்புக்கில் 2014இல் ஒரு ஹேக்கத்தானில் முளைத்த இந்தப் பெயரில், 2018இல் லினக்ஸ் ஃபவுண்டேஷன் ஒரு பொதுத் திட்டத்தை ஏற்றது. கூகுள், ஐபிஎம், இன்டெல், மைக்ரோசாஃப்ட் ஆகியவையும் கைகோத்தன.

அலாரத்திலும் ஒரு நுணுக்கம் உண்டு. வரம்பு 85 டிகிரி என்றால், வெப்பம் 84க்கும் 85க்கும் இடையே ஊசலாடும்போதெல்லாம் எச்சரிக்கை வந்து லாக் நிரம்பிவிடும். அதனால் 85இல் எழுந்த அலாரம், 83க்கு இறங்கிய பிறகே அடங்கும்படி இடைவெளி வைப்பார்கள்.

சென்சாரே பழுதானால்? ஓபன்பிஎம்சி பூஜ்யம் என்று எழுதாது. பூஜ்யம் டிகிரியும் ஒரு ரீடிங்தானே. 'எண் இல்லை' என்று உள்ளே குறித்துக்கொள்ளும், ரெட்ஃபிஷில் அது வெறுமையாகத் தெரியும். ஃபேன் கட்டுப்பாட்டு மென்பொருளுக்கும் அதற்குள் தகவல் போயிருக்கும். சூடு எவ்வளவு என்று தெரியாத நிலையில், அது அந்தப் பகுதி ஃபேன்களை முன்பே குறித்துவைத்த பாதுகாப்பு வேகத்துக்கு ஏற்றிவிடும்.