கால் மில்லிமீட்டர்

கொடைக்கானலில் டீக்குக் கொஞ்சம் காத்திருக்க வேண்டும். 2,100 மீட்டர் உயரத்தில் தண்ணீர் 93 டிகிரியிலேயே கொதித்துவிடுகிறது. தூள் மெதுவாகத்தான் இறங்கும். ஏரிக்கரைக் கடையில் அப்படிக் காத்திருந்தபோது பக்கத்து வீட்டுத் தம்பி கேட்டான்: "அண்ணே, துப்பாக்கிய என் உடம்புக்குன்னே அளவெடுத்து செட் பண்ணியாச்சு. இன்னும் ஆவரேஜ் 10.2-ஐத் தாண்ட மாட்டேங்குது. எதை மாத்தணும்?"

10 மீட்டர் ஏர் ரைஃபிள் சுடுகிறவன். அவனுக்குச் சொன்னதையே இங்கே எழுதுகிறேன்.

இலக்கின் நடுப்புள்ளி அரை மில்லிமீட்டர். ஒரு குண்டுக்கு உச்ச மதிப்பெண் 10.9. அங்கிருந்து ஒவ்வொரு கால் மில்லிமீட்டர் விலகலுக்கும் 0.1 குறையும். கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் 60 குண்டுகளில் எடுத்தது 630.7, அதாவது சராசரி 10.5. அதற்கே பத்தாம் இடம்தான்; இறுதிச் சுற்றுக்கு எட்டுப் பேர்தான் போக முடியும். தம்பிக்கும் அவருக்கும் இடைவெளி குண்டுக்கு முக்கால் மில்லிமீட்டர். இதைச் சொன்னதும் அவன் தன் கட்டைவிரல் நகத்தைப் பார்த்தான்.

அந்த முக்கால் மில்லிமீட்டர் துப்பாக்கியிடம் இருக்கிறதா, உன்னிடம் இருக்கிறதா? கேட்க வேண்டிய முதல் கேள்வி இதுதான். துப்பாக்கியை வைஸில் இறுக்கி, கை படாமல் பத்து குண்டு சுடு. பத்தும் ஒரே ஓட்டையாக விழுந்தால் துப்பாக்கியின் மேல் குற்றமில்லை. சிதறினால், பேரலை மாற்ற ஓடாதே, பெல்லட்டை மாற்று. ஒரே கம்பெனி பெல்லட்டில்கூட தலையளவு 4.49, 4.50, 4.51 என்று வரும். டப்பாவுக்கு டப்பா லாட்டும் மாறும். எது பிடிக்கும் என்பதை அந்தப் பேரல்தான் சொல்லும். விலையை வைத்துச் சொல்ல முடியாது.

அடுத்தது வேகம். விநாடிக்கு 170 மீட்டரில் போகும் பெல்லட் பத்து மீட்டருக்குள் சுமார் 17 மில்லிமீட்டர் கீழே இறங்கிவிடும். ஒரு குண்டு ஒரு சதவீதம் மெதுவாகப் போனாலே மில்லிமீட்டரில் மூன்றில் ஒரு பங்கு தாழும், 0.1 போய்விட்டது. ரெகுலேட்டர் ஒவ்வொரு முறையும் ஒரே அளவு காற்றை விடவேண்டியது அதனால்தான். மதியம் பழனியில் 35 டிகிரியில் 200 பாருக்கு நிரப்பிய சிலிண்டர், இங்கே 10 டிகிரி விடியலில் 185-க்கும் கீழே காட்டும். கசிவு என்று பயப்பட வேண்டாம். அரை மணி நேரம் துப்பாக்கியைக் குளிருக்குப் பழக விட்டுவிட்டுச் சுட வேண்டும்.

மலைக்காற்று லேசானது, பெல்லட்டைக் குறைவாகத்தான் தடுக்கும், ஆகவே கொஞ்சம் மேலே படும். ஆனால் எல்லாக் குண்டும் ஒரே மாதிரி மேலே படும். சைட்டை ஓரிரு கிளிக் திருப்பினால் தீர்ந்தது. குண்டுகள் விழும் கொத்து, அதாவது குரூப், இடம் மாறுவது வேறு, குரூப் சிதறுவது வேறு. இதைக் குழப்பிக்கொண்டு சைட்டையே திருகித் திருகி நாளை ஓட்டுகிறவர்களைப் பார்த்து மனம் நொந்திருக்கிறேன்.

நானும் ஒரு வருஷம் வீணாக்கியவன்தான். என் குரூப் இரண்டு கொத்தாகப் பிரிந்து விழுந்தது. மூச்சை, டிரிகரை, கண்ணாடியை எல்லாம் சந்தேகப்பட்டேன். கடைசியில் பார்த்தால் ஸ்டாக்கில் ஒரு போல்ட் கால் சுற்றுத் தளர்ந்திருந்தது. டார்க் ரெஞ்சால் இரண்டு போல்ட்டையும் ஒரே அளவுக்கு முடுக்கினேன். அடுத்த அட்டையில் ஒரே ஓட்டை. அந்த அட்டை இன்னும் என்னிடம் இருக்கிறது.

இவ்வளவும் சரியென்றால் மிச்சம் உடம்பு. நிலை எடுத்துக் கண்ணை மூடு. இரண்டு மூச்சு விட்டுத் திற. முனை இலக்கைவிட்டு ஒதுங்கியிருந்தால் கையால் தள்ளாதே, பாதத்தை நகர்த்து. கன்னம் சீக் பீஸில் ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில் உட்கார வேண்டும். கண் அரை மில்லிமீட்டர் நகர்ந்தாலும் பீப் சைட்டின் வட்டம் ஒரு பக்கம் கறுக்கும்.

"எல்லாத்தையும் இந்த வாரமே மாத்திடறேண்ணே."

கூடாது. பெல்லட்டையும் சீக் பீஸையும் ஒரே நாளில் மாற்றினால், எது உதவியது என்று எப்படித் தெரியும்?

டீ வந்தது. சனிக்கிழமை மூன்று லாட் பெல்லட்டோடு வருவதாகச் சொன்னான். வைஸ் என் வீட்டில் இருக்கிறது.