ராஜபாளையத்தில் சொன்னது, ஸ்ரீவில்லிபுத்தூரில் கேட்டது

2018 ஜனவரி 7 அன்று ராஜபாளையத்தில் 'தினமணி' நடத்திய விழாவில் கவிஞர் வைரமுத்து 'தமிழை ஆண்டாள்' கட்டுரையை வாசித்தார். மறுநாள் அது நாளிதழிலும் வந்தது. ஆண்டாளைத் தேவதாசி என்ற ஓர் ஆய்வு வரியை அவர் எடுத்துக்காட்டியிருந்தார். ஆண்டாளின் ஊரான, பக்கத்து ஸ்ரீவில்லிபுத்தூர் கொதித்தது. புண்பட்டிருந்தால் வருந்துவதாகக் கவிஞர் சொன்னார். போதாது, ஆண்டாள் சந்நிதிக்கே வந்து மன்னிப்புக் கேட்கவேண்டும் என்று உண்ணாவிரதம் இருந்தார் மணவாள மாமுனிகள் மடத்துச் சடகோப ராமாநுஜ ஜீயர். 'தினமணி' ஆசிரியர் கே.வைத்தியநாதன் வந்து வணங்கினார், கவிஞர் வரவில்லை.

ஜீயரின் கோரிக்கையை வெறும் பிடிவாதம் என்று தள்ளிவிட முடியாது. அடியாரிடம் பட்ட அபசாரத்தை அந்த அடியாரே பொறுக்கவேண்டும், பெருமாள்கூட இடையில் புகமாட்டார் என்பது வைணவக் கொள்கை. ஆனால் அந்தக் கணக்கு அதை நம்புகிறவருக்குத்தான் செல்லும். திராவிட இயக்கச் சிந்தனையில் ஊறிய ஒருவரைப் போராட்டத்தாலும் வழக்காலும் நெருக்கிச் சந்நிதியில் நிறுத்தினால், நடப்பது பிராயச்சித்தம் ஆகாது, பணியவைத்தல்தான். அந்த ஊர்க் கதையே இப்படிப் பணியவைப்பதற்கு இடம் தரவில்லை: மகள் ஆண்டாள் சூடிய மாலை தோஷம் என்று பதறிய பெரியாழ்வார் புதுமாலை கட்டிக்கொண்டுபோக, பெருமாள் அச்சத்தில் கட்டிய அதை ஏற்காமல் அன்பில் சூடிய மாலையையே கேட்டார்.

அப்படியானால் கவிஞர் சொன்ன வருத்தமே போதுமா? போதாது. 'புண்பட்டிருந்தால்' என்னும்போது பிழை கேட்டவர் மனசுக்குப் போய்விடுகிறது. எழுதியவர் எழுத்தில் ஒன்றும் மாறுவதில்லை. மாறவேண்டியது இருந்தது. அந்த வரிக்கு மூலமாக, இந்தியானா பல்கலைக்கழக வெளியீடு என்று அவர் சொன்ன நூல், சிம்லாவிலுள்ள இந்திய உயராய்வு நிறுவனம் 1978-இல் வெளியிட்டது. சுபாஷ் சந்திர மாலிக் பதிப்பித்தது. எம்.ஜி.எஸ்.நாராயணனும் கேசவன் வெளுத்தாட்டும் அதில் எழுதிய கட்டுரையில் வரும் ஒரு கருத்துதான் அந்த வரி. தன்னைப் பெரியாழ்வாரின் கோதை என்று பாசுரங்களில் ஆண்டாளே குறித்திருப்பதை அதனருகில் வைத்து எடைபோட்டிருக்க வேண்டும். இவற்றை எழுத்தில் திருத்துவதே கவிஞர் செய்யவேண்டிய பரிகாரம்.

பக்தியில் பட்ட காயத்துக்கு மேற்கோள் திருத்தமா மருந்து என்று கேட்கலாம். முழு மருந்தாகாதுதான். ஆனாலும் நம்புகிறவர், நம்பாதவர் இருவரும் சரிபார்க்கக்கூடிய பரிகாரம் அது ஒன்றே. இப்படித் திருத்தச் சொல்வது ஆய்வாளனின் வாயை அடைப்பதாகாதா என்றால், மேற்கோளுக்குப் பொறுப்பேற்கிறவன்தான் அடுத்தமுறை இன்னும் சங்கடமான கேள்வியைத் துணிந்து கேட்க முடியும்.