தலைகீழ் கிட்டார், ஒற்றைக் கம்பி: ‘சர்ஃப் மியூசிக்’ மன்னன் டிக் டேல் யார்?

‘பல்ப் ஃபிக்‌ஷன்’ (1994) படம் பார்த்தவர்களுக்கு அந்த டைட்டில் மியூசிக் கட்டாயம் ஞாபகம் இருக்கும். மூச்சுவிட இடைவெளி இல்லாமல் தடதடவென ஓடும் அந்த கிட்டார் இசையைத்தான் பின்னர் ‘பிளாக் ஐடு பீஸ்’ குழு ‘பம்ப் இட்’ பாடலில் பயன்படுத்தியது. படம் வருவதற்கு 32 ஆண்டுகளுக்கு முன்பே அதை வாசித்துப் பதிவு செய்தவர் டிக் டேல். கிட்டாரைத் தானாகவே கற்றுக்கொண்டவர். அதுவும் தலைகீழாகப் பிடித்து!

ஏன் தலைகீழ்?

டேல் 1937-ல் அமெரிக்காவின் பாஸ்டனில் பிறந்தார். இயற்பெயர் ரிச்சர்ட் மன்சூர். இடது கைப் பழக்கம் உள்ளவர். கையில் கிடைத்ததோ வலது கைக்காரர்களுக்கான கருவிகள். அவற்றை அப்படியே திருப்பிப் பிடித்துப் பழகினார். ஜிமி ஹென்ட்ரிக்ஸும் வலது கை கிட்டாரைத் திருப்பி வாசித்தவர்தான். ஆனால், அவர் கம்பிகளை வரிசை மாற்றிக் கட்டிக்கொண்டார். டேல் அதைக்கூடச் செய்யவில்லை. மேலே இருக்க வேண்டிய தடித்த கம்பி, அவருக்குக் கீழே இருந்தது.

‘தானாகக் கற்றவர்’ என்றால் எதுவும் தெரியாமல் ஆரம்பித்தவர் என்று அர்த்தமில்லை. டேலின் அப்பா லெபனான் வம்சாவளி. உறவினர் ஒருவர் அரபு நரம்புக் கருவியான ‘ஊத்’ வாசிப்பதைப் பார்த்தே வளர்ந்தார். தர்புகா என்னும் அரபு மேளமும் பழகினார். அந்த மேளத்தின் வேகத்தைத்தான் பிறகு கிட்டார் கம்பிக்குக் கொண்டுவந்தார்.

அட, நம்ம மாயாமாளவகௌளை!

1954-ல் குடும்பம் கலிஃபோர்னியாவுக்குக் குடிபெயர்ந்தது. அங்கே டேல் அலைச்சறுக்கு கற்றார். 1961-ல் நியூபோர்ட் பீச்சில் உள்ள ‘ராண்டேவூ பால்ரூம்’ அரங்கில் அவர் வாசித்தபோது, ஆட வந்தவர்களில் பலர் அலைச்சறுக்கு இளைஞர்கள். அலைக்குள் கேட்கும் இரைச்சலைக் கிட்டாரில் கொண்டுவர வேண்டும் என்பதே டேலின் ஆசை. ‘சர்ஃப் மியூசிக்’ என்ற பெயர் இப்படித்தான் ஒட்டிக்கொண்டது.

1962-ல் வந்த ‘மிசிர்லூ’தான் ‘பல்ப் ஃபிக்‌ஷன்’ இசை. இது டேலின் சொந்த மெட்டு அல்ல. கிழக்கு மத்தியதரைக் கடல் பகுதியின் பழைய பாட்டு. ‘எகிப்தியப் பெண்’ என்பது தலைப்பின் பொருள். 1927-லேயே கிரேக்க மொழியில் பதிவாகிவிட்டது. மெதுவாகப் போகும் பாட்டை டேல் பல மடங்கு வேகமாக்கினார்.

இதில் நமக்கும் ஓர் ஆச்சரியம் உண்டு. மிசிர்லூ மெட்டின் அடிப்படை ஸ்வரங்களும், கர்னாடக இசையில் சரளி வரிசை ஆரம்பிக்கும் மாயாமாளவகௌளையின் ஸ்வரங்களும் ஒன்றே. கமகம் இல்லாததால் ராகமாகக் கேட்காது. ஆனால் பாட்டு கிளாஸ் போனவர்களுக்கு ‘எங்கேயோ கேட்ட மாதிரி இருக்கே’ என்று தோன்றலாம்.

வெடித்த ஆம்ப்கள்

ஆட்டம் போடும் கூட்டம் நிரம்பிய அரங்கில் அன்றைய ஆம்ப்ளிஃபயர்களின் சத்தம் எடுபடவில்லை. டேல் கூட்டிக்கொண்டே போக, ஸ்பீக்கர்கள் கிழிந்தன, ஆம்ப்கள் எரிந்தன. கிட்டார் தயாரிப்பாளர் லியோ ஃபெண்டர் நேரில் வந்து பார்த்தார். விளைவு, டேலுக்காகவே சக்தி கூட்டி உருவாக்கப்பட்ட ‘ஷோமேன்’ ஆம்ப். இதில் சுவாரஸ்யம் என்னவென்றால், லியோ ஃபெண்டருக்குக் கிட்டார் வாசிக்கவே தெரியாது!

சர்ஃப் இசையின் ‘ஈரமான’ ஒலிக்குக் காரணம் ரிவெர்ப். கிட்டாரின் மின் ஒலியை ஸ்பிரிங்குகள் வழியாக அனுப்பினால், அது அதிர்ந்து, சற்றே தாமதமாகத் திரும்பி வரும். பெரிய மண்டபத்தில் வாசித்ததுபோல் கேட்கும். ஃபெண்டர் நிறுவனம் 1961-ல் இதைத் தனிப் பெட்டியாகவே விற்பனைக்குக் கொண்டுவந்தது.

கடைசி வரை மேடை ஏன்?

1964-ல் பீட்டில்ஸ் அலை அமெரிக்காவில் அடித்ததும் சர்ஃப் இசை ஓரங்கட்டப்பட்டது. டேலுக்கோ அந்தப் பத்தாண்டிலேயே புற்றுநோய். மீண்டு வந்தாலும், பெரிய வெளிச்சம் திரும்பியது 1994-ல்தான்.

முதுமையில் சிறுநீரகக் கோளாறு, சர்க்கரை நோய், முதுகெலும்புப் பாதிப்பு. உயிரோடு இருக்கத் தேவையான மருத்துவப் பொருட்களுக்கு மட்டும் மாதம் 3,000 டாலர் வேண்டும், அதற்காகவே ஊர் ஊராக வாசிக்கிறேன் என்று 2015-ல் அவரே சொன்னார். ஓர் இசை வகைக்கே மன்னன் எனப்பட்டவரின் நிலை இது. 2019 மார்ச் 16 அன்று, 81 வயதில் காலமானார்.

நீங்களும் முயற்சி செய்யலாம்

வீட்டில் கிட்டார் சும்மா இருக்கிறதா? ஒரே ஒரு கம்பி போதும். தடித்த 6-வது கம்பியில் 0, 1, 4, 5, 7, 8, 11, 12 ஆகிய ஃப்ரெட்களை வரிசையாக வாசித்துப் பாருங்கள். ‘ச’ முதல் மேல் ‘ச’ வரை அதே ஸ்வரங்கள்தான். பிறகு ஒவ்வொன்றையும் பிக்கால் மேலும் கீழுமாக மாறி மாறித் தட்டுங்கள். சரளி வரிசை மாதிரி முதல் காலம், இரண்டாம் காலம், மூன்றாம் காலம் என வேகம் கூட்டலாம். மணிக்கட்டைத் தளர்வாக வைப்பது முக்கியம். எலெக்ட்ரிக் கிட்டார் என்றால், மொபைல் ஆம்ப் ஆப்களில் ‘ஸ்பிரிங் ரிவெர்ப்’ இருக்கிறதா என்று தேடுங்கள்.

பிக் உருகும் அளவுக்கு வேகமாக வாசிக்க, டேல் வழக்கத்தைவிட மிகத் தடித்த கம்பிகளைக் கட்டியிருந்தார். ஆரம்பத்தில் அதைக் காப்பியடிக்க வேண்டாம், விரல் பத்திரம்!