மணவாளக்குறிச்சி மணலும் செம்பூரும்

செம்பூரில் வேதியியல் டியூஷன் எடுக்கிறேன். எங்களை ஒட்டிய டிராம்பேயில் 1955-இல் தோரியம் ஆலை தொடங்கியது. அதன் மூலப்பொருள் மோனசைட் என்ற தாது. கன்னியாகுமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சியிலும் கேரளத்துச் சவறாவிலும் மணலோடு கிடைப்பது. ஆலுவா ஆலையில் பிரித்தெடுத்த தோரியம் இங்கே வந்து தோரியம் நைட்ரேட் ஆனது.

அந்த நைட்ரேட்டைப் பழைய ஆட்களுக்குத் தெரியும். கல்யாண வீட்டுப் பெட்ரோமாக்ஸ் மேன்டிலில் இருந்தது அதுதான். நூல்வலையைத் தோரியம் கரைசலிலும் துளி சீரியத்திலும் ஊறவைப்பார்கள். முதல் தடவை பற்றவைத்ததும் நூல் எரிந்துபோகும். மிஞ்சும் சாம்பல்கூடுதான் வெள்ளை வெளேரென்று ஒளிரும். விரல் பட்டால் பொடிந்துவிடும்.

மோனசைட்டுக்கு 1829-இல் அந்தப் பெயரை வைத்தவர் ஜெர்மானியர் பிரைத்ஹாப்ட். 'தனித்திருப்பது' என்று பொருள்படும் கிரேக்கச் சொல் அது; அன்று அரிதாக, ஒற்றைப் படிகமாகவே கிடைத்ததால் அப்படி. நம் கடற்கரையில் அது தனியாக இல்லை: கறுப்பு இல்மனைட், சிவப்பு கார்னெட், ஜிர்கான் எல்லாவற்றோடும் கலந்து கிடக்கிறது. மோனசைட் தேன் நிறம். சீரியம், லாந்தனம், நியோடிமியம் கலந்த பாஸ்பேட். தோரியம் அதில் ஒரு சிறு பங்குதான், நம் நாட்டுத் தாதுவில் ஆக்சைடாகச் சுமார் 8 முதல் 10 சதவீதம்.

ஆகவே கடற்கரைக் கருமணல் முழுவதையும் 'தோரியம் மணல்' என்று எழுதுவது தவறு. பத்திரிகை நண்பர்களே, மோனசைட்டைச் சொல்லும்போது மோனசைட் என்றே எழுதுங்கள்.