நிலாவில் ஒரு சிரசாசனம்!

குட்டீஸ்... நிலாவில் ஒரு விண்கலம் தலைகீழாக நின்ற கதை தெரியுமா?

ஜப்பானின், 'ஸ்லிம்' விண்கலம், 2024 ஜனவரி 20ல் நிலாவில் இறங்கியது. குறித்த இடத்திலிருந்து சுமார் 55 மீட்டர்தான் விலகல்! ஆனால், 50 மீட்டர் உயரத்தில் வந்தபோது, இரண்டு என்ஜின்களில் ஒன்று பழுதாகிவிட்டது. பக்கவாட்டில் நகர்ந்தபடியே இறங்கிய கலம், மூக்கு தரையில் குத்த நின்றுவிட்டது. அதிலிருந்து பிரிந்த, டென்னிஸ் பந்து அளவுள்ள, 'சோரா-க்யூ' என்ற குட்டி ரோபோ எடுத்த படம், இந்தக் கோலத்தைக் காட்டியது.

கவிழ்ந்தால் என்ன நஷ்டம்? சூரியத் தகடுகளில் வெயில் படாது, மின்சாரம் கிடைக்காது. ஸ்லிம்மையும் அணைத்து வைத்தனர். எட்டு நாள் கழித்து வெயில் திசை மாறியதும், கண் விழித்தது!

இறங்குவது ஏன் இவ்வளவு கஷ்டம்?

* நிலாவில் காற்று இல்லை. பாராசூட் உதவாது. என்ஜினை இயக்கித்தான் வேகத்தைக் குறைக்க வேண்டும்.

* பூமியிலிருந்து, 'ரிமோட்'டில் ஓட்டவும் முடியாது. சிக்னல் போய் வரவே இரண்டரை வினாடி ஆகும். கலமே கணக்குப் போட்டு இறங்க வேண்டும்.

* தலையாட்டி பொம்மையைத் தள்ளினால், மீண்டும் நிமிர்கிறதே... அதை நிமிர்த்துவது புவிஈர்ப்பு. நிலாவில் அந்த விசை ஆறில் ஒரு பங்குதான். ஆனால், பக்கவாட்டு வேகம் கொஞ்சமும் குறையாது. சின்னத் தள்ளலே சாய்த்துவிடும்.

* தென்துருவத்தில் சூரியன் தாழ்வாகவே இருக்கும். நீண்ட நிழல்களில் பள்ளம் எது, மேடு எது என்று தெரியாது.

அமெரிக்காவின், 'ஒடிசியஸ்' கலத்தில், உயரம் அளக்கும் லேசர் கருவியின் பாதுகாப்பு சுவிட்சைப் புறப்படும் முன் எடுக்க மறந்துவிட்டனர். 2024 பிப்ரவரி 22ல் இறங்கியபோது, கால் உடைந்து சாய்ந்தது. 2025 மார்ச்சில் இறங்கிய, 'அதீனா'வும் பள்ளத்தில் படுத்துவிட்டது.

நிமிர்ந்து நின்றவையும் உண்டு. 2019ல் நம், 'விக்ரம்' லேண்டர் மோதி நொறுங்கியது. அந்தப் பாடத்தில், சந்திரயான் - 3ன் கால்களைப் பலப்படுத்தி, எரிபொருளையும் கூட்டினர். 2023 ஆகஸ்ட் 23ல் அது ஜம்மென்று நின்றது. திட்ட இயக்குநர், விழுப்புரத்துக்காரரான வீரமுத்துவேல்.

2025 மார்ச் 2ல் நிமிர்ந்து இறங்கிய அமெரிக்காவின், 'புளூ கோஸ்ட்' உயரம் 2 மீட்டர், அகலமோ 3.5 மீட்டர். குட்டையாக, அகலமாக இருந்தால் சாய்வது கடினம். சந்தேகமா? மேஜையில் தண்ணீர் பாட்டிலையும், டிபன் பாக்ஸையும் வைத்து, மேல் விளிம்பில் விரலால் தள்ளிப் பாருங்கள்!