கொலுவில் ஒரு மலைக்கோயில்

நவராத்திரிக் கொலுவில் படிகளுக்குப் பக்கத்தில் மணல் பரப்பி, கடுகும் கேழ்வரகும் முளைக்கவைத்து, மலையும் குளமும் கோயிலும் அமைப்பது நெடுநாள் வழக்கம். திண்டுக்கல் வட்டாரத்து இல்லங்களில் இதற்கு மாதிரி தேடி அலைய வேண்டியதில்லை. ஊருக்குப் பெயர் தந்த பாறையும், அதன் மேலுள்ள கோட்டையும் கோயிலுமே போதும்.

மதுரை நாயக்க மன்னர் முத்துக்கிருஷ்ணப்பர் 1605ஆம் ஆண்டில் இக்கோட்டையை எழுப்பத் தொடங்கினார். பத்மகிரி எனப்படும் இம்மலையின் உச்சியில் பத்மகிரீஸ்வரரும் அபிராமி அம்பிகையும் எழுந்தருளியிருந்தனர். 18ஆம் நூற்றாண்டில் கோட்டை மைசூர் ஆட்சியின் கீழ் இருந்த காலத்தில் மூர்த்திகள் மலையிலிருந்து இறக்கப்பட்டு, நகரிலுள்ள காளஹஸ்தீஸ்வரர் கோயிலுக்கு வந்தனர் என்பது வழிவழியாகச் சொல்லப்படும் செய்தி. இன்று மலைமேல் கல்மண்டபமும் வெறுமையான கருவறையும் நிற்க, அம்பிகை கீழே அருள்பாலிக்கிறாள். முழங்கால் வலியால் மலையேற இயலாத முதியவர்கள், பேரக் குழந்தைகளுக்கு இவ்வரலாற்றைக் காட்டக் கொலு நல்லதொரு வாய்ப்பு.

மலைக்கோயிலைச் செய்ய ஃபோம் போர்டு ஏற்றது. இரு தாள்களுக்கு நடுவே நுரைப்பலகை வைத்த அட்டை இது. எழுதுபொருள் கடைகளில் கிடைக்கும். 5 மில்லிமீட்டர் தடிமன் போதும். ஓர் அடிக்குக் கால் அங்குலம் என்று அளவு வகுத்தால், பத்தடித் தூண் இரண்டரை அங்குலமாகும். மலைக்கும் இதே அளவை வைத்தால் 300 அடி உயரத்தைக் காட்டவே 75 அங்குலம், அதாவது ஆறடிக்கு மேல் வேண்டியிருக்கும். எனவே மலையைச் சுருக்கிக்கொள்ளலாம். கோயிலின் தூணும் வாயிலும் படியும் தமக்குள் ஒரே அளவில் இருந்தால்தான் பார்ப்பவர் கண்ணுக்கு அது கோயிலாகத் தோன்றும்.

வெட்டும்போது ஒரே அழுத்தாக அழுத்தினால் நுரை கிழியும். புதிய பிளேடால், இரும்பு அளவுகோலை ஒட்டி, மெதுவாக மூன்று முறை கீற வேண்டும். மூலைகளில் ஒரு பலகையின் ஓரத்தில் 5 மில்லிமீட்டர் அகலத்துக்கு உள்தாளையும் நுரையையும் நீக்கி, வெளித்தாளை மட்டும் விட்டுவைத்தால், மற்றப் பலகை அதில் பொருந்தி இணைப்பு மறையும். ஒட்டுவதற்கு வெள்ளைப் பசையே நல்லது. கரைப்பான் கலந்த பசையும் ஸ்பிரே பெயிண்டும் நுரையைத் தின்றுவிடும்.

கல்லின் தோற்றம் வர, வெளித்தாளை ஈரத்துணியால் நனைத்து உரித்தெடுக்கலாம். நுரையின் மேல் மையில்லாப் பேனாவால் கோடு இழுத்தால் கல்வரிசை தெரியும். கசக்கிய அலுமினியத் தாளை அழுத்தி எடுத்தால் உளி பட்ட சொரசொரப்பு வரும். முதலில் பசையுடன் கறுப்பு வண்ணம் கலந்து ஒரு பூச்சு. பலகை வளையாதிருக்க உட்புறமும் பூசுவது நலம். அது காய்ந்தபின் சாம்பலும் பழுப்பும் கலந்த நிறம். பிறகு நீர்த்த கருநிறத்தைக் கோடுகளில் ஓடவிட்டு, கடைசியாக, வண்ணம் ஏறக்குறைய வற்றிய தூரிகையால் விளிம்புகளில் மட்டும் வெளிர்சாம்பலைத் தொட்டால், வெயில் பட்ட கருங்கல் கண்முன் நிற்கும். ஃபோம் எளிதில் தீப்பற்றும். குத்துவிளக்கும் அகலும் இதற்கு எட்டத்திலேயே இருக்க வேண்டும். ஒளி தேவையெனில் சிறிய எல்.இ.டி. விளக்கு போதும்.

வெட்டுவதும் பூசுவதும் இளையோர் கை வேலை. அளவு சொல்வதும், உச்சியில் எது இருக்க வேண்டும், எது கூடாது என்று தீர்மானிப்பதும் பெரியோர் பொறுப்பு. கோயில் என்றதும் குழந்தைகள் உள்ளே ஒரு பொம்மையை வைக்க விரும்புவர். மலைக்கோயிலின் கருவறையை வெறுமையாகவே விட்டு, பாறையில் செதுக்கிய படிகளைக் கீழே வரை கொண்டுவந்து, அடிவாரத்து ஊர்க்கோயிலில் அம்பிகையை அமர்த்துவதே பொருத்தம். மேலே ஏன் சாமி இல்லை என்று குழந்தை கேட்கும். அப்போது பாட்டியோ தாத்தாவோ அந்தப் படிகளின் வழியே விரலை இறக்கிக்கொண்டு கதையைச் சொல்லலாம். ஒன்பது நாள்களில் ஒருநாள் மாலை, அபிராமி சந்நிதிக்கே குழந்தையை அழைத்துச் சென்று, மலையிலிருந்து இறங்கி வந்தவள் இவள்தான் என்று காட்டலாம்.